காடு காக்கும் சபையோருக்கு ஒரு திறந்த மடல்

சத்தியமங்கலம் மலைகள் முதல் களக்காட்டு மலைகள் வரையிலும், கல்வராயன், சவ்வாது, கொல்லி, ஆனைமலை, நீலகிரி ஆகிய மலைகளிலும் அவற்றின் அடிவாரங்களிலும் வாழ்ந்துவரும் கிராம சபை உறுப்பினர்களுக்கு எழுதுவது:

2006-ஆம் வருஷத்திய வன உரிமைச் சட்டம் அமலுக்கு வந்து இத்தனை காலமாகியும், அதன்படி நீங்கள் கேட்டவையும் உங்களுக்குக் கிடைத்தவையும் பெரும்பாலும் வீட்டுக்கும் விளைநிலத்துக்குமான தனிப் பட்டாக்களே என்பதையும், அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவில் அவற்றினும் பெரியதாக வைக்கப்பட்டிருக்கும் ஓர் உரிமை, அதாவது வழிவழியாக நீங்கள் அநுபவித்தும் காத்தும் வந்த காட்டை இனியும் காக்கவும் வளர்க்கவும் நிர்வகிக்கவும் ஊர்ச் சபைக்கு உள்ள சமூக வன வள உரிமை, அநேக ஊர்களில் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதையும் கண்டே இம்மடலை எழுதத் துணிந்தேன். பட்டா வேண்டாம் என்பது என் கட்சியன்று. காலங்காலமாக உழுத நிலத்துக்கு ஒரு காகிதமும் இல்லாமல், எந்த நாள் எவர் வந்து எழுந்து போகச் சொல்வாரோ என்று அஞ்சிக் கிடந்த குடும்பத்துக்குப் பட்டா என்பது பெரிய அபயம். ஆனால் பட்டா ஒரு குடும்பத்தை ஒரு நிலத்தில் நிறுத்துவதோடு சரி. அந்த நிலத்துக்கு மேலே உள்ள ஓடையையும், ஓடைக்கு மேலே உள்ள சோலையையும், சோலையிலிருந்து வரும் தேனையும் கடுக்காயையும் கல்பாசியையும் அது காப்பாற்றித் தராது. அவற்றைக் காப்பாற்ற வேண்டியது சபை. சபைக்கு அந்த அதிகாரத்தைச் சட்டம் கொடுத்திருக்கிறது. கொடுத்ததை எடுத்துக்கொள்ளும் காரியம் மட்டும் உங்களிடம் விடப்பட்டிருக்கிறது.

காட்டைக் காப்பது உங்களுக்கு யாரும் வந்து கற்பிக்க வேண்டிய புது வித்தை அல்ல. மலையூர்களில் கோயிற்காடு என்றும் சாமிக்காடு என்றும் விடப்பட்டு, காய்ந்த குச்சியைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஊரார் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நியமத்தினால் நிலைத்த சோலைகளை நீங்கள் அறிவீர்கள். சமவெளியிலும் இதற்குத் திருஷ்டாந்தம் உண்டு. செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளைத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டுக் கொன்றபோது, அவ்வூர்க் குடியானவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் முறையிட்டு, அப்பறவைகளைக் காக்கத் தமக்குள்ள பாத்தியத்தை எழுத்து மூலமாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பறவைகளின் எச்சத்தினால் உரம் ஏறிய ஏரித் தண்ணீர் தங்கள் வயல்களை வளப்படுத்தியதை அவர்கள் அநுபவத்தில் கண்டிருந்தார்கள். ஆகவே தங்கள் ஜீவனமும் பறவைகளின் ஜீவனமும் ஒன்றாகப் பிணைந்தவை என்று உணர்ந்தார்கள். அவ்வூராரிடம் நாம் மெச்ச வேண்டியவை இரண்டு: காப்பது தமக்கு லாபம் என்று அறிந்த அறிவு ஒன்று, வழக்கம் இருக்கிறதே என்று வாளாவிராமல் அதைச் சாசனமாக்கிக்கொண்ட விவேகம் மற்றொன்று. முதலாவது உங்களிடம் ஏராளமாக இருக்கிறது. இரண்டாவது இல்லாததனால் உங்கள் பாட்டன்மார் இழந்தவை எவை என்று சற்றே சொல்லுகிறேன்.

1878-ல் இந்திய சர்க்கார் இயற்றிய வனச் சட்டத்தை அப்படியே ஏற்கச் சென்னை மாகாணம் உடன்படவில்லை. காடுகளில் கிராமத்தாருக்குத் தொன்றுதொட்டு உள்ள அநுபோகங்களை ஒரே உத்தரவினால் இல்லாமற் செய்வது நியாயமன்று என்று ரெவின்யூ போர்டைச் சேர்ந்த அதிகாரிகளே வாதாடினார்கள். ஆயினும் 1882-ல் மாகாணத்துக்கென்று தனி வனச் சட்டம் பிறந்தது, காடுகள் ரிசர்வுகளாயின, விறகும் தழையும் மேய்ச்சலும் உரிமை என்ற பீடத்திலிருந்து சலுகை என்ற திண்ணைக்கு இறக்கப்பட்டன, சலுகைக்குப் பெர்மிட்டும், பெர்மிட்டுக்குக் கட்டணமும், கட்டணம் தவறினால் அபராதமும் வந்து சேர்ந்தன. குடிகளின் மனக்கசப்பு முற்றியதை உணர்ந்து மாகாண சர்க்கார் அமைத்த வனக் கமிட்டி 1913-ல் தன் அறிக்கையைக் கொடுத்தது. கிராமத்தாரின் தேவைக்கு வேண்டிய காடுகளைப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விடலாம் என்பது அதன் யோசனைகளுள் ஒன்று. அதன்படி சில ஜில்லாக்களில் வனப் பஞ்சாயத்துகள் தோன்றவும் செய்தன. ஆனால் அவை சர்க்காரின் அநுமதியின்மேல் நின்றவையே அன்றித் தம் காலில் நின்றவை அல்ல. அதே மாகாணத்தின் குண்டூர் ஜில்லாவில் பல்நாட்டுக் குடியானவர்கள் ஒத்துழையாமை இயக்க காலத்தில் மேய்ச்சல் வரி கொடுக்க மறுத்துக் கால்நடைகளைக் காட்டுக்குள் ஓட்டினார்கள். அப்போராட்டத்தின் தலைவரான கன்னெகண்டி ஹனுமந்து 1922-ல் போலீஸாரின் குண்டுக்கு இரையானார். காட்டுப் புல்லுக்காக ஒரு மனிதன் உயிர் துறந்தான் என்றால், புல் மட்டுமா அங்கே பிரச்சினையாக இருந்தது? தன் ஊர்க் காட்டில் தான் அந்நியன் ஆக்கப்பட்டது அன்றோ காரணம்!

ஏறத்தாழ இதே காலத்தில், வடக்கே இமயமலைச் சாரலான குமாவுனில், புதிதாக ரிசர்வு செய்யப்பட்ட காடுகளில் மக்கள் தீ வைத்தார்கள். 1921-ல் சீர் என்னும் பைன் மரக் காடுகள் பரந்து எரிந்ததைக் கண்ட பிறகே சர்க்கார் குமாவுன் வனக் குறை விசாரணைக் கமிட்டியை அமைத்தது. அதன் பயனாக 1931-ல் வனப் பஞ்சாயத்து விதிகள் ஏற்பட்டன. அவ்விதிகளின்படி ஊரார் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்தார் காவலாள் ஒருவனை வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். எந்த நாளில் யார் புல்லறுக்கலாம், எந்த மரத்தில் தழை ஒடிக்கலாம் என்று வகுத்தார்கள். மீறியவனுக்கு, அவன் தம் உறவினனே ஆயினும், அபராதம் விதித்தார்கள். இன்றைய உத்தராகண்டத்தில் அத்தகைய வனப் பஞ்சாயத்துகள் ஏறத்தாழ 12,000 இருக்கின்றன. தீ வைத்த கைகளே காவலும் செய்தன என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். மனிதர் மாறவில்லை, காடு யாருடையது என்ற கேள்விக்குரிய விடைதான் மாறியது. ஆனால் இச்சரித்திரத்துக்குப் பின்பகுதி ஒன்றும் உண்டு. 1976-லும் 2001-லும் அவ்விதிகள் திருத்தப்பட்டபோது, ஊரார் கையிலிருந்த அதிகாரத்தில் பெரும் பங்கு ரெவின்யூ இலாகாவுக்கும் வன இலாகாவுக்கும் நழுவிப்போயிற்று. விதி செய்தவனே விதியைத் திருத்தவும் வல்லவன் ஆகையால், கேட்பதற்கு ஆளில்லாமல் போயிற்று.

மேற்கு வங்கத்து அராபாரியைப் பற்றியும் நீங்கள் அறிந்திருத்தல் நலம். மேற்கு மேதினிபூர் ஜில்லாவில் உள்ள அவ்விடத்துச் சால மரக் காடு, விறகுக்காக வெட்டியும் மேய்ச்சலில் கடியுண்டும் அடிக்கட்டைகளாய்த் தேய்ந்து கிடந்த காலத்தில், அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி 1972-ல் அருகிலுள்ள 11 கிராமங்களின் 618 குடும்பங்களைக் கூட்டி, 1,272 ஹெக்டேர் காட்டை அவர்கள் காவலில் விட்டு, காட்டு வேலையும், காடு முதிர்ந்து வெட்டும்போது வருமானத்தில் நூற்றுக்கு 25 பங்கும் தருவதாக வாக்களித்தார். சால மரத்தின் வேர்க்கட்டை தறித்த இடத்திலிருந்தே தழைக்கும் இயல்புடையது. ஆகவே புதிதாக நட வேண்டிய செலவுகூட இல்லாமல், வெட்டாமலும் மேய்க்காமலும் விட்ட மாத்திரத்தில் காடு தானே எழும்பிற்று. இந்த ஓர் அநுபவம் 1988-ஆம் வருஷத்துத் தேசிய வனக் கொள்கைக்கும், கூட்டு வன மேலாண்மை என்ற பெயரில் மக்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு மத்திய சர்க்கார் 1990 ஜூன் மாதம் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கைக்கும் முன்மாதிரியாக விளங்கிற்று.

அந்தச் சுற்றறிக்கையின் வழியில்தான் நம் தமிழ்நாட்டிலும் 1997-ல் ஜப்பானியக் கடனுதவியோடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கி, காட்டோர ஊர்களில் கிராம வனக் குழுக்கள் ஏற்பட்டன. தடுப்பணைகள் கட்டப்பட்டன, கன்றுகள் நடப்பட்டன, மகளிர் குழுக்களுக்குச் சுழல் நிதி கிடைத்தது. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பது நன்றி மறத்தலாகும். பல ஊர்களில் கிணற்று நீர் மட்டம் உயர்ந்ததை ஊராரே சொல்லுவார்கள். ஆனால் திட்டக் காலம் முடிந்து பணம் வற்றியபோது, குழுக்களுள் பல பதிவேட்டில் மட்டும் உயிர்வாழ்ந்தன. அதற்குக் காரணம் ஊராரின் அசிரத்தை என்று சொல்லுவது எளிது, உண்மை அதுவன்று. கூட்டு வன மேலாண்மை என்ற ஏற்பாட்டில் பொதுவாகக் குழுவின் செயலர் வனத்துறை அலுவலராகவே இருப்பார். கூட்டம் கூட்டுவதும், பணத்தில் கையெழுத்திடுவதும், எந்த வேலை முதலில் என்று முடிவு செய்வதும் அவருடைய சித்தத்தையே சார்ந்திருக்கும். நல்ல அலுவலர் வந்தால் குழு துளிர்க்கும், அவர் மாற்றலாகிப் போனால் வாடும். இரவல் நகை போட்டுக்கொண்ட பெண்ணுக்கு அதை எப்போது கழற்ற வேண்டி வருமோ என்ற கவலை இருக்குமே ஒழிய, அதற்கு மெருகு போட வேண்டுமென்ற எண்ணம் வராது. இரவல் அதிகாரமும் அத்தகையதே.

2006-ஆம் வருஷத்திய சட்டம் இவ்விடத்தில்தான் வேறுபடுகிறது. அது உங்களுக்கு உரிமையைப் புதிதாக வழங்குவதாகச் சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்து, காடுகளை ரிசர்வு செய்த காலத்தில் பதியப்படாமல் விடுபட்ட உரிமையை இப்போது அங்கீகரிப்பதாகவே சொல்லுகிறது. அவ்வாறு விடுபட்டது சரித்திர அநீதி என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்ளுகிறது. காடு என்ற சொல்லில் சரணாலயங்களையும் தேசியப் பூங்காக்களையும் அது சேர்த்திருப்பதால், புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஊருக்கும் அந்த உரிமை உண்டு. மூங்கிலும் தேனும் நெல்லியும் சீகையும் சிறு வன மகசூல் என்ற கணக்கில் ஊருக்கு உரியவை. 2012-ல் திருத்திய விதிகளின்படி, அவற்றைச் சந்தைக்குக் கொண்டுபோவதற்கான அநுமதிச் சீட்டைச் சபையின் குழுவே கொடுக்கலாம். கோரிக்கைகள் முற்றும் விசாரித்து முடிக்கப்படும் வரையில் எவரையும் காட்டு நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது. இத்தனைக்கும் அடிப்படை பாராளுமன்றம் இயற்றிய சட்டம். ஓர் அதிகாரியின் மாற்றலோடு மாறிப் போகும் சுற்றறிக்கை அன்று.

இச்சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்ட ஊர் ஒன்றின் கதையை உங்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மகாராஷ்டிர மாநிலத்துக் கட்சிரோலி ஜில்லாவில் மேண்டா லேகா என்பது கோண்டுப் பழங்குடியினர் வாழும் சிற்றூர். சட்டம் வந்த பிறகு அவ்வூரார் விழித்தார்கள் என்று எண்ணாதீர்கள்; அதற்கு இருபது வருஷங்களுக்கு முன்பிருந்தே அவர்கள் சபையாகக் கூடிப் பழகியிருந்தார்கள். பெரிய அணைகளால் தங்கள் காடு மூழ்கும் என்ற அபாயத்தை எதிர்த்த காலத்தில் தொடங்கிய ஒற்றுமை, அபாயம் நீங்கியதும் கலைந்துவிடாமல் ஒரு ஸ்தாபனமாக உறைந்தது. தேவாஜி தோஃபா என்ற அவ்வூர்த் தலைவரும், அவர்களோடு தோழமை பூண்ட மோகன் ஹிராபாய் ஹிராலால் என்ற சர்வோதய ஊழியரும் ஊரில் ஏற்படுத்திய வழக்கங்கள் இரண்டு. ஒன்று, கற்பதற்கென்று ஒரு கூட்டம். தீர்மானிப்பதற்கென்று வேறொரு கூட்டம். முதற் கூட்டத்தில் வனச் சட்டம் என்ன சொல்லுகிறது, மூங்கில் எத்தனை வருஷத்தில் முற்றும், காகித ஆலைக்குக் குத்தகை விட்டதனால் ஊருக்கு நேர்ந்தது என்ன என்று ஆர அமரப் பேசுவார்கள். அங்கே தீர்மானம் கிடையாது. இரண்டாவது வழக்கம், சபையில் பெரும்பான்மை வாக்கினால் எதையும் முடிவு செய்வதில்லை. ஒருவருக்கு ஆட்சேபம் இருந்தாலும் அதைத் தீர்க்கும் மட்டும் விஷயம் ஒத்திவைக்கப்படும். இதனால் காலதாமதம் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால் அப்படி முடிவான விதியை மீறுவதற்கு ஊரில் ஒருவனும் இருக்கமாட்டான். காட்டைக் காப்பதில் விதி செய்வது அற்பக் காரியம், மீறாதிருக்கச் செய்வதே மகத்தான காரியம்.

இத்தகைய ஊர் 2009-ல், நாட்டிலேயே முதன்முதலாகச் சமூக வன வள உரிமை பெற்ற ஊர்களுள் ஒன்றாயிற்று. சுமார் 1,800 ஹெக்டேர் காடு அதன் பரிபாலனத்துக்கு வந்தது. உரிமைப் பத்திரம் வந்தும் மூங்கிலை விற்பதற்கு அநுமதிச் சீட்டு வரவில்லை. மூங்கில் மரமா புல்லா என்ற வழக்கு ஒரு பக்கம். ஊரார் கையில் கொடுத்தால் காட்டையே விற்றுவிடுவார்கள் என்ற சந்தேகம் மற்றொரு பக்கம். அவர்கள் தளரவில்லை, தங்கள் மூங்கிலைத் தாங்களே வெட்டி விற்க முன்வந்து, விவகாரத்தை நாடறியச் செய்தார்கள். 2011 ஏப்ரல் மாதத்தில் மத்திய வனத்துறை அமைச்சரே அவ்வூருக்கு வந்து அநுமதிச் சீட்டுப் புத்தகத்தைச் சபையிடம் ஒப்படைத்தார். அதற்குப் பின் மூங்கில் விற்ற பணம் ஊர் நிதியில் சேர்ந்தது. காட்டு வேலையில் ஊராருக்குக் கூலி கிடைத்தது. சந்தேகப்பட்டவர்கள் எதிர்பார்த்தபடி அவர்கள் காட்டை விற்றுவிடவில்லை. காரணம், விற்க முடிந்த நாளுக்கு முன்பே அவர்கள் விற்காதிருக்கக் கற்றிருந்தார்கள்.

நமக்கு இன்னும் அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. சத்தியமங்கலத்துச் சோளகர்களுக்கு உறவினரான சோலிகர்கள், கர்நாடக எல்லைக்கு அப்பால் பிலிகிரிரங்கன் மலையில் வாழ்கிறார்கள். அம்மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட 2011-ஆம் வருஷத்திலேயே அவர்களுடைய கிராம சபைகள் சமூக வன உரிமைப் பத்திரங்களைப் பெற்றன. புலிகள் காப்பகத்துக்குள் அத்தகைய உரிமை அங்கீகரிக்கப்பட்டதில் அதுவே முன்னோடி. அவர்களுடைய காட்டறிவில் ஒரு விஷயம் உங்களுக்கும் பழக்கமானதாக இருக்கும். வறட்சிப் பருவத்தின் தொடக்கத்தில், சருகு இன்னும் முழுதும் காயாத நேரத்தில், தரையோடு தரையாக ஓடி அணைந்துவிடும் சிறு தீயை முன்னோர் வைத்துவந்தார்கள். அதனால் உண்ணிச்செடி மண்டாது, நெல்லி மரத்தைப் பற்றி உறிஞ்சும் புல்லுருவி பெருகாது, கோடையில் பெருந்தீ பிடிப்பதற்கு எரிபொருளும் சேராது என்பது அவர்கள் துணிபு. சரணாலயம் வந்தபின் தீ என்பதே குற்றமாயிற்று. அதற்குப் பிறகு உண்ணிப் புதர் காட்டை மூடியது, புல் மறைந்தது, நெல்லி மகசூல் குன்றியது. ஆராய்ச்சியாளர்கள் அம்மலையிலேயே தங்கி ஆராய்ந்து, சோலிகர்களின் கருத்து அலட்சியப்படுத்தத் தக்கதன்று என்று கண்டார்கள். இதனால் இன்றே காட்டில் நெருப்பு வையுங்கள் என்று நான் சொல்லவில்லை; உண்ணியும் மஞ்சள் கொன்றையும் இத்தனை அடர்ந்துவிட்ட காட்டில் அது விபரீதமாக முடியும். அறிவு ஊரில் இருக்கிறது, அதைப் பிரயோகிக்கும் அதிகாரம் வேறெங்கோ இருக்கிறது என்ற பிளவுதான் காட்டுக்குக் கேடு செய்தது என்றே சொல்லுகிறேன். நிர்வாக உரிமை சபையிடம் வந்தால், உண்ணியை எந்தச் சரிவில் முதலில் அகற்றுவது, அகற்றிய இடத்தில் எந்தப் புல்லைத் தழைக்க விடுவது, தீக்கோட்டை எங்கே வெட்டுவது என்பவற்றை அறிந்தவர்களே முடிவு செய்யலாம்.

வழக்கம் மட்டும் போதும் என்றிருப்பவர்கள் 2022-ஆம் வருஷத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அத்தடை தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குச் சுருக்கப்பட்டது. பர்கூர் மலையில் காட்டுப் பட்டிகளில் தலைமுறை தலைமுறையாக மலை மாடுகளை வளர்த்துவந்த குடும்பங்களுக்கு அந்த நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. மேய்ச்சலும் 2006-ஆம் வருஷத்திய சட்டம் பெயர் சொல்லி அங்கீகரிக்கும் உரிமைகளுள் ஒன்றே. கோரப்பட்டு, பதியப்பட்டு, பத்திரமாகக் கையில் இருந்திருந்தால், நீதிபதியின் முன் வைப்பதற்கு ஊரார் கையில் ஆதாரம் ஒன்று இருந்திருக்கும். வாய்மொழி வழக்கம் ஊர் மன்றத்தில் செல்லும். நீதி மன்றத்தில் எழுத்தே செல்லும்.

இதுகாறும் உரிமையைப் பற்றிச் சொன்னேன். இனி உங்களுக்கு இனிக்காத சிலவற்றையும் சொல்ல வேண்டும். நேபாளத்தில் 1957-ல் சர்க்கார் காடுகளைத் தேசியமயமாக்கியபோது, இனி நம்முடையதன்று என்றெண்ணிய மக்கள் அவற்றை வெட்டித் தீர்த்தார்கள். 1993-ஆம் வருஷத்து வனச் சட்டம் காடுகளை உபயோகிப்போர் குழுக்களிடம் ஒப்படைத்தபின் மொட்டையாய்க் கிடந்த நடுமலைச் சரிவுகள் மீண்டும் பசுமை கொண்டன. இன்று அந்நாட்டில் அத்தகைய குழுக்கள் 22,000-க்கு மேல் இருக்கின்றன. உலகமே மெச்சும் ஏற்பாடு அது. ஆயினும் தொடக்க காலத்தில் அங்கே நேர்ந்த ஒரு தவறு நமக்கும் எச்சரிக்கை. நிலமுடையோரும் மேல்சாதியாரும் குழுவில் அமர்ந்து, காடு தழைக்க வேண்டுமென்று வாயில்களை மூடியபோது, நிலமில்லாதவனின் ஆட்டுக்கும், விறகு விற்றுப் பிழைத்தவளின் அடுப்புக்கும், கொல்லனின் கரிக்கும் வழியில்லாமல் போயிற்று. காடு வளர்ந்தது; ஏழை மெலிந்தான். பின்னால் குழுக்களில் பெண்களுக்குச் சரிபாதி இடமும், வருமானத்தில் ஏழைகளுக்கென்று ஒரு பங்கும் வேண்டுமென்று விதிகளில் எழுத வேண்டி வந்தது. உங்கள் சபையிலும் ஊர்க்கவுண்டரும் பட்டக்காரரும் சந்தை வியாபாரியின் சிநேகிதரும் மட்டும் பேசி முடித்துவிட்டால், வன இலாகாவின் இடத்தில் வேறொரு இலாகாவை நீங்களே ஏற்படுத்திக்கொண்டவர்கள் ஆவீர்கள்.

விறகும் தழையும் கிழங்கும் சீமாரும் எங்கே கிடைக்கின்றன, எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றுகிறது என்பன ஆண்களைவிடப் பெண்களே நன்கறிந்த சங்கதிகள். வன உரிமை விஷயங்களைத் தீர்மானிக்கும் சபையில் மொத்த உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதவர்கள் கூட வேண்டும், கூடியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்று விதியே வற்புறுத்துகிறது. எண்ணிக்கைக்காக அவர்களை அழைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புவது விதியை நிறைவேற்றியதாகாது. எந்தச் சரிவை மூடுவது, எந்தச் சரிவைத் திறந்துவிடுவது என்ற பேச்சே அவர்கள் வாயிலிருந்து தொடங்க வேண்டும்.

இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திருப்பூர்ப் பனியன் ஆலைகளுக்கும் கேரளத்து எஸ்டேட்டுகளுக்கும் நீங்கள் வேலை தேடிப் போவதை நான் குறைசொல்லவில்லை. வயிறு போகச் சொல்லும் இடத்துக்குக் கால் போகத்தான் செய்யும். ஆனால் ஜி.பி.எஸ். கருவியைக் கைபேசியிலேயே வைத்திருக்கும் தலைமுறை உங்களுடையது. உங்கள் பாட்டி காட்டும் எல்லைப் பாறையையும், குலதெய்வம் இருக்கும் மரத்தடியையும், இடுகாட்டையும், பழைய பட்டி இருந்த மேட்டையும், தேனடை தொங்கும் குன்றையும் நடந்து அளந்து வரைபடமாக்கக் கூடியவர்கள் நீங்களே. இவை யாவும் சட்டம் ஏற்கும் சான்றுகள். கோரிக்கைதாரர் அல்லாத முதியோர் சொல்லும் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டாலும் அது சான்று. அந்த முதியோர் இருக்கும்போதே எழுதுங்கள்.

வன இலாகாவைப் பகையாக எண்ண வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுகிறேன். காட்டுத்தீ மூளும் கோடையில் இரவெல்லாம் மலையேறிப் பச்சைத் தழையால் அடித்து அணைக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் உங்கள் ஊர்ப் பிள்ளைகளே. மர விதையைப் பற்றியும், யானைத் தடத்தைப் பற்றியும், நோய்களைப் பற்றியும் அவ்விலாகாவிடம் நீங்கள் பெறக் கூடிய உதவி பெரிது. உதவி கேட்பது வேறு, உத்தரவுக்குக் காத்திருப்பது வேறு, அவ்வளவே வேற்றுமை. காந்தியடிகளின் வழியில் கிராமப் பொருளாதாரம் வகுத்த நம் தமிழரான ஜே. சி. குமரப்பா, வனப் பரிபாலனத்தின் நோக்கம் கஜானாவின் வருமானமாக இருக்கக் கூடாது, மக்களின் தேவையாக இருக்க வேண்டும் என்று சுதந்திரம் வரும் காலத்திலேயே எடுத்துரைத்தார். அவ்வாறான இலாகாவும் அவ்வாறான சபையும் சேர்ந்தால் மலைக்கு ஒரு குறையும் வராது.

இனிச் செய்ய வேண்டுவன என்ன? தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லாமையால், பழங்குடிப் பகுதிகளுக்கான பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. ஆகவே வன உரிமைச் சட்டமே உங்கள் கைக்கெட்டிய ஆயுதம். பல மலைத்தொடர்களில் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள் யாவும் சேர்ந்து ஒரே பஞ்சாயத்தாக இருக்கும் இடங்களில், நாள் முழுதும் நடந்து ஓரிடத்தில் கூடும் பெருஞ்சபையால் ஒரு தனிக் காட்டை ஆள முடியாது. எனவே உங்கள் ஊர் அளவிலேயே வன உரிமைக்கான சபையைக் கூட்டித் தருமாறு முதலில் கேளுங்கள். அச்சபையில் பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட வன உரிமைக் குழுவை அமையுங்கள். அதில் மூன்றில் இரு பங்கு பழங்குடியினரும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும் இருக்க வேண்டும். பக்கத்து ஊராரை அழைத்துவைத்து எல்லையைப் பேசி முடியுங்கள். இன்று உறவில் முடியாத எல்லை நாளை வழக்கில் முடியும். வரைபடத்தோடும் வாக்குமூலங்களோடும் கோரிக்கையைச் சபையில் நிறைவேற்றிக் கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வையுங்கள். கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவிடமிருந்து பத்திரம் வரும்வரை சும்மாயிருக்க வேண்டுவதில்லை. முறைக்காவலையும், அறுவடைக் கட்டுப்பாட்டையும், வரவுசெலவு எழுதும் நோட்டுப் புத்தகத்தையும் இன்றே தொடங்கலாம். மாதம் ஒரு முறை ஊர் நடுவே அந்தக் கணக்கை உரக்கப் படிக்கச் சொல்லலாம். பணம் வருவதற்கு முன்பே கணக்குப் பழகிய ஊரில் பணம் வந்தபின் சண்டை வராது.

வருஷத்தில் ஆறு தடவை கிராம சபை கூட வேண்டுமென்பது இம்மாநிலத்தின் ஏற்பாடு. வரப்போகும் சபை நாளில் சாலையையும் தெருவிளக்கையும் பற்றிய தீர்மானங்களோடு, எங்கள் ஊரின் சமூக வன வள உரிமையைக் கோருகிறோம் என்ற ஒரு தீர்மானத்தையும் எழுதி, தலைவர் முதல் தள்ளாத கிழவி வரை யாவரும் கையெழுத்திடுங்கள். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கட்டும். அந்தத் தீர்மானத்தை எழுதாத ஊருக்காக அதை வேறெவரும் எழுதித் தரப் போவதில்லை.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் ஒருவன்.